எரியுதே சார்!

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு விநோதப் பழக்கம். எந்தத் தராசைப் பார்த்தாலும் குனிந்து அதன் பக்கவாட்டில் எதையோ தேடுவார். கறிக்கடை, பூ மண்டி, ரேஷன் கடை... எங்கே போனாலும் இதே கதைதான்.

"மாப்பிள்ளை, ஊரே பார்க்குது. வாங்க போலாம்."

"இருங்க மச்சான். முத்திரை எந்த வருஷத்துதுன்னு மட்டும் பார்த்துட்டு வந்துடறேன்."

அவர் மேல் தப்பில்லை. செய்கிற வேலை அப்படி. ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கேலிபரேஷன் செக்ஷன். டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய பெயர்கள் ஓசூரில் வந்து இறங்கிய பிறகு, அந்தப் பெரிய மரங்களைச் சுற்றி முளைத்த நூற்றுக்கணக்கான சின்னப் பட்டறைகளில் அதுவும் ஒன்று. அங்கே வெர்னியர், மைக்ரோமீட்டர் என்று எந்த அளவுக் கருவியை எடுத்தாலும் அதன் மேல் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கடைசியாகச் சரிபார்த்த தேதி, அடுத்து சரிபார்க்க வேண்டிய தேதி, ஒரு கையெழுத்து. தேதி தாண்டிய கருவியை யாரும் தொடக் கூடாது. தொட்டால் அன்று செய்த சரக்கு முழுவதும் சந்தேக கேஸ்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இதெல்லாம் அதிகப்படியான அலட்டலாகத்தான் தெரிந்தது. 2008-ம் வருஷம் கோடைகாலம் வரைக்கும்.

அந்தக் கோடையில் தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஓசூர்-கிருஷ்ணகிரி ரோட்டில் ஒரு சின்ன நர்சிங் ஹோம். பெயர் வேண்டாம். மூன்றாவது நாள் குழந்தையின் கண்ணும் உடம்பும் மஞ்சள் பூத்தது. பச்சைக் குழந்தைகளுக்கு இது சகஜம்தான் என்று சொல்லி, நீல விளக்குக்கு அடியில் படுக்க வைத்தார்கள். கண்ணுக்குப் பஞ்சுக் கட்டு, இடுப்பில் ஒரு துணி, மேலே பளீரென்று நீல வெளிச்சம்.

அன்றைக்கு ரத்தத்தில் பிலிருபின் 14. ஒரு நாள் முழுக்க விளக்குக்கு அடியில் இருந்த பிறகு 17. அடுத்த நாள் காலை 18.5. இறங்க வேண்டியது ஏறிக்கொண்டே போகிறது. "இன்னும் ஏறினால் ரத்தம் மாற்ற வேண்டி வரலாம்" என்றார் டாக்டர். அளவு மீறிப் போனால் அந்த மஞ்சள் மூளையில் போய்ப் படிந்துவிடும். அப்புறம் காது, கை கால், எதற்கும் உத்தரவாதம் இல்லை. தங்கச்சி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை மட்டும் விளக்கைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார்.

"சிஸ்டர், இந்த லைட்டைக் கடைசியா எப்ப செக் பண்ணீங்க?"

அந்தப் பெண்ணுக்குக் கேள்வியே புரியவில்லை. விளக்கைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எரியுதே சார்!"

எனக்கே மாப்பிள்ளை மேல் கோபம் வந்தது. குழந்தை கிடக்கிற கிடையில் இவருக்கு ஸ்டிக்கர் கவலை. ஆனால் அவர் பிடிவாதமாக நின்றார். அன்று சாயங்காலமே கார் பிடித்து, ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே குழந்தையை விளக்குக்கு அடியில் வைத்ததும், ஒரு நர்ஸ் உள்ளங்கை அகல மீட்டர் ஒன்றை எடுத்து வந்தார். குழந்தையின் வயிற்றுக்குப் பக்கத்தில் பிடித்தார். 31 என்று காட்டியது. சார்ட்டில் எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். மாப்பிள்ளை அந்த மீட்டரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலில் தீபாராதனை பார்க்கிற மாதிரி இருந்தது. மீட்டரின் முதுகில் ஸ்டிக்கர் இருந்தது.

மறுநாள் மத்தியானம் பிலிருபின் 15. அதற்கடுத்த நாள் 11. தங்கச்சி அன்றைக்குத்தான் சாப்பிட்டாள்.

பத்து நாள் கழித்து பழைய நர்சிங் ஹோம் டாக்டர் அவராகவே போன் செய்தார். விளக்கு சப்ளை செய்தவரிடம் மீட்டர் வாங்கி அளந்து பார்த்தாராம். "ஆறுதான் சார் காட்டுது. டியூப் வாங்கி மூணு வருஷம் ஆச்சு. எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்றார். மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அந்த மனுஷன் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

ஆறு எங்கே, முப்பத்தொன்று எங்கே? தீவிர சிகிச்சைக்கு 30-க்குக் குறையக் கூடாது என்பது கணக்கு. ஆனால் இரண்டு விளக்குமே என் கண்ணுக்கு ஒரே மாதிரி பளீரென்றுதான் தெரிந்தன. நம் கண் அப்படி. நீல நிறத்தில் அதற்குக் கூர்மை குறைவு. போதாததற்கு வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் தன்னைச் சரிசெய்துகொண்டுவிடும். இந்த டியூப்கள் ஆயிரம், இரண்டாயிரம் மணி நேரம் எரிந்த பிறகு மெதுவாக வீரியம் இழக்கும். எரிவது மட்டும் நிற்காது. மருந்து தீர்ந்த பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது போல.

வெளிச்சம் மருந்து என்று கண்டுபிடித்த கதையே சுவாரஸ்யம்தான். 1956, இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊர் ஆஸ்பத்திரி. குறைமாதக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஜீன் வார்டு, நல்ல வெயில் நாட்களில் குழந்தைகளை வெளியே முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு நாள் ஒரு குழந்தையை டாக்டர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளிறியிருக்கிறது. துணி மூடியிருந்த இடத்தில் மட்டும் அழுத்தமான மஞ்சள் முக்கோணம். கொஞ்ச நாள் கழித்து, ஜன்னல் ஓரம் வெயிலில் மறந்து வைத்த ரத்தக் குழாயிலும் பிலிருபின் குறைந்திருந்தது. டாக்டர் கிரீமரும் சகாக்களும் 1958-ல் கட்டுரை எழுதினார்கள். நீல வெளிச்சம் பிலிருபினை உருமாற்றி உடம்பை விட்டு வெளியேறச் செய்கிறது. (அதற்காக வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டிலேயே வைத்தியம் பார்த்துவிடாதீர்கள். டாக்டரிடம் போங்கள்.)

குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள், ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் மாப்பிள்ளை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"லைட்டை மீட்டர் செக் பண்ணுது, சரி. அந்த மீட்டரை யாரு மச்சான் செக் பண்றது?"

"அதான் ஸ்டிக்கர் இருந்துச்சே!"

"ஸ்டிக்கர் ஒட்டினவன் கையில ஒரு மீட்டர் இருக்கும்ல? அதை?"

அவர் தொழிற்சாலையிலும் இதே ஏணிதான். வெர்னியரைச் சரிபார்க்க ஸ்லிப் கேஜ். ஸ்லிப் கேஜை பெங்களூர் லேபுக்கு அனுப்புவார்கள். அந்த லேபின் கேஜ் இன்னொரு லேபுக்குப் போகும். ஏறிக்கொண்டே போனால் டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அதற்கு மேல்? ஒரே விளக்கை வேறு வேறு கம்பெனி மீட்டர்களால் அளந்தால் வேறு வேறு எண் காட்டுவதும் உண்டு என்று டாக்டர்களே எழுதியிருக்கிறார்கள். அப்போது எந்த மீட்டரை நம்புவது?

எனக்கு பி.காம். வகுப்பு ஞாபகம் வந்தது. எங்கள் ஆடிட்டிங் வாத்தியார் அடிக்கடி சொல்வார்: "டிரயல் பேலன்ஸ் டேலி ஆயிட்டா கணக்கு கரெக்ட்னு அர்த்தம் இல்லடா. இந்தப் பக்கத் தப்பும் அந்தப் பக்கத் தப்பும் ஒண்ணா இருந்தாலும் டேலி ஆகும். கடைசியில கல்லாப்பெட்டியைத் திறந்து நோட்டை எண்ணிப் பாரு." புத்தகத்தோடு புத்தகத்தை ஒப்பிட்டுக்கொண்டே இருக்க முடியாது. எங்கேயாவது ஒரு இடத்தில் எண்ண வேண்டும்.

வெளிச்சத்தை எப்படி எண்ணுவது? இந்தக் கேள்வி எனக்குள் ரொம்ப நாள் கிடந்தது. பத்திரிகைக்காரனுக்கு ஒரு வசதி, தெரியாத விஷயத்தைத் துருவுவதற்கே சம்பளம் கொடுப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன்.

ஆரம்பத்தில் மனிதன் வெளிச்சத்தை மெழுகுவத்தியோடு ஒப்பிட்டான். 1860-ல் பிரிட்டிஷ் சட்டமே உண்டு: திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகில் செய்த வத்தி, மணிக்கு இவ்வளவு எடை எரிய வேண்டும், அதுதான் ஒரு வத்தி வெளிச்சம். வத்தி செய்தவன் கை நடுங்கினால் நாட்டின் அளவே நடுங்கும்!

அடுத்து வந்தது உலை. நன்றாகச் சூடேற்றிய கரிய குழிக்குள்ளிருந்து வரும் வெளிச்சம், அது எதனால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்ததல்ல, எவ்வளவு சூடு என்பதை மட்டுமே பொறுத்தது. பெர்லினில் இருந்த ஜெர்மன் அளவியல் நிறுவனத்தில் இதைத் துல்லியமாக அளந்தார்கள். மின்விளக்கு நல்லதா, கேஸ் விளக்கு நல்லதா என்று சண்டை நடந்த காலம் அது, அளவு தேவைப்பட்டது. அந்த எண்களை வைத்துக்கொண்டுதான் 1900-ல் மாக்ஸ் பிளாங்க் தன் சூத்திரத்தை எழுதினார். தெருவிளக்கை அளக்கப் போய் குவாண்டம் இயற்பியலே பிறந்துவிட்டது. அதன் பிறகு சூடு தெரிந்தால் போதும், வெளிச்சத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம்.

எங்கள் பாப்பாவின் நீல வெளிச்சத்துக்கு இந்த உலைகள் மாதிரியான ஏற்பாடுகளே போதும். ஆனால் நீலத்தையும் ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கே தெரியாத கடும் புற ஊதாவுக்கும் எக்ஸ்ரேவுக்கும் போனால் உலை கைவிட்டுவிடும். 3,000 டிகிரி சூட்டிலும் அது அந்த வெளிச்சத்தைப் போதுமான அளவு தருவதில்லை. அங்கேதான் ஒரு வேண்டாத விருந்தாளி கை கொடுத்தது.

1947 ஏப்ரல் 24. அமெரிக்காவில் ஸ்கெனெக்டடி நகரம், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகம். எலெக்ட்ரான்களை வட்டப்பாதையில் விரட்டி வேகமேற்றும் சிங்க்ரோட்ரான் என்ற எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏதோ தீப்பொறி பறக்கிறதோ என்று பார்க்க, ஒரு டெக்னீஷியன் கான்கிரீட் சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணாடியை நீட்டி எட்டிப் பார்த்தார். தீப்பொறி இல்லை. எலெக்ட்ரான்களே நீலமும் வெள்ளையுமாக ஒளிர்ந்துகொண்டிருந்தன!

ராத்திரி தொப்பூர் கணவாயில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வளைவில் வண்டி திரும்பும்போது ஹெட்லைட் வெளிச்சம் எதிர்மலையைத் தடவிக்கொண்டு போகும். ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடும் எலெக்ட்ரானைக் காந்தம் வளைக்கும்போதும் இதே மாதிரி முன்பக்கமாக, ஹெட்லைட் போலக் குறுகிய வெளிச்சத்தை வீசும். எந்திரம் கட்டியவர்களுக்கு அது வெறும் நஷ்டம், வீணாகப் போகும் சக்தி. ஆனால் 1949-ல் ஜூலியன் ஷ்விங்கர் அந்த வெளிச்சத்துக்கு முழுக் கணக்கையும் எழுதினார். எலெக்ட்ரானின் சக்தி எவ்வளவு, காந்தம் எவ்வளவு வலுவானது, எத்தனை எலெக்ட்ரான்கள், எவ்வளவு தூரத்தில் எவ்வளவு பெரிய துளை வழியாகப் பார்க்கிறோம்... இவ்வளவு சொன்னால் போதும். எந்த நிறத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று காகிதத்திலேயே சொல்லிவிடலாம்.

இதில் மாப்பிள்ளைக்கு ரொம்பப் பிடித்தது 'எத்தனை எலெக்ட்ரான்' என்ற கேள்விக்கான பதில்தான். எண்ணுகிறார்கள்! நிஜமாகவே ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார்கள்.

பெர்லினில் அட்லர்ஸ்ஹோஃப் என்ற பகுதியில், பிளாங்க்குக்கு எண் கொடுத்த அதே அளவியல் நிறுவனத்தின் வாரிசு, இதற்கென்றே 48 மீட்டர் சுற்றளவில் ஒரு வளையம் வைத்திருக்கிறது. 2008-லிருந்து வேலை செய்கிறது, எங்கள் பாப்பா பிறந்த அதே வருஷம். முழு அளவில் சுமார் 20,000 கோடி எலெக்ட்ரான்கள் அதில் சுற்றும். அத்தனையையும் எண்ண முடியாது. அதனால் ஓரத்திலிருந்து ஒரு தடுப்பை மெல்ல நகர்த்தி, எலெக்ட்ரான்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறார்கள். சில நூறு, சில பத்து என்று குறையும். அப்புறம் ஒவ்வொரு எலெக்ட்ரான் விழும்போதும் வெளிச்சம் மாடிப்படி மாதிரி ஒரு படி இறங்கும். நான்கு. மூன்று. இரண்டு. கடைசியில் ஒரே ஒரு எலெக்ட்ரான், விநாடிக்கு 60 லட்சம் தடவைக்கு மேல் சுற்றிக்கொண்டு, தனியாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். அதுவும் விழுந்தால் இருட்டு. ஒரு படியின் உயரம் தெரிந்துவிட்டால், மேலே எத்தனை படி என்பது கணக்குதானே?

கல்லாப்பெட்டியைத் திறந்து நோட்டை எண்ணுவது என்று வாத்தியார் சொன்னது இதைத்தான்.

அமெரிக்காவில் வாஷிங்டன் பக்கம் கெய்தர்ஸ்பர்கிலும் இப்படி ஒரு வளையம் உண்டு. அங்கே 1960களிலேயே சிங்க்ரோட்ரான் வெளிச்சத்தை அளவுகோலாகப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டில் இந்தூரில் இந்தஸ்-1, இந்தஸ்-2 என்று இரண்டு வளையங்கள் இருக்கின்றன. பெரியதன் சுற்றளவு 172 மீட்டர். அவை முக்கியமாக ஆராய்ச்சிக்கானவை.

'சரி, இவ்வளவு பாடுபட்டு எதை அளக்கப் போகிறார்கள்?' என்று கேட்பீர்கள். சூரியனை.

சூரியனின் கடும் புற ஊதா வெளிச்சம் கூடிக் குறையும்போது பூமியின் மேல் காற்று மண்டலம் விரிந்து சுருங்குகிறது. தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள்கள் அதில் உரசிக் கீழே இறங்குகின்றன. அதனால் சூரியனை விடாமல் அளக்க வேண்டும். அளக்கும் கருவியோ விண்வெளியில் இருக்கிறது. அந்த வெயிலே அதன் கண்ணை மெல்ல மெல்ல மங்கச் செய்கிறது. இன்றைக்கு எண் குறைவாக வந்தால், மங்கியது சூரியனா, கருவியா?

யோசித்துப் பாருங்கள், இது எங்கள் பாப்பாவின் கதையேதான். பிலிருபின் இறங்கவில்லை. கோளாறு குழந்தையிடமா, விளக்கிலா? டாக்டர் குழந்தையைச் சந்தேகப்பட்டார். மாப்பிள்ளை விளக்கைச் சந்தேகப்பட்டார்.

1995 டிசம்பரில் கிளம்பிய சோஹோ விண்கலத்தின் இரண்டு சூரியக் கருவிகளுக்கு பெர்லினில் அப்போதிருந்த வளையம்தான் அளவுகோல். வளையத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே! அதனால் ஒரு சின்ன விளக்கை அந்த வளையத்தோடு ஒப்பிட்டு, விளக்கைக் கருவி இருந்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள். மாப்பிள்ளை ஸ்லிப் கேஜைப் பெட்டியில் வைத்து பெங்களூருக்குக் கொண்டுபோவாரே, அதே வேலை. 2010 பிப்ரவரியில் நாசா அனுப்பிய எஸ்.டி.ஓ. விண்கலத்தின் புற ஊதாக் கருவியை கெய்தர்ஸ்பர்க் வளையத்தில் சரிபார்த்தார்கள். அது மேலே போன பிறகும் விடவில்லை. அதே மாதிரி இன்னொரு கருவியை அந்த வளையத்தில் சரிபார்த்து, சின்ன ராக்கெட்டில் ஏற்றி, சில நிமிஷம் சூரியனைப் பார்க்க வைத்து இரண்டு எண்ணையும் ஒப்பிட்டார்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்த கருவி நல்ல எண்களை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. 'அதான் வேலை செய்யுதே' என்று யாரும் விட்டுவிடவில்லை.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் சொல்லி முடித்தபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "ஒத்த எலெக்ட்ரான் வரைக்கும் இறங்கி எண்றாங்களா மச்சான்? அவங்க செக்ஷன்ல நமக்கு ஒரு வேலை கிடைக்குமா?"

பாப்பாவுக்கு இப்போது பதினெட்டை நெருங்குகிறது. காதும் நன்றாகக் கேட்கிறது. நாங்கள் கூப்பிட்டால் மட்டும் கேட்பதில்லை. போன மாசம் மாப்பிள்ளை போன் செய்தார். கூட வேலை செய்யும் பையனின் குழந்தைக்கு மஞ்சள் காமாலையாம். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். துணைக்கு இவர் போயிருக்கிறார்.

"லைட் எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

"எரியுது மச்சான்."

"அது சரி. ஸ்டிக்கர்?"

சத்தமே இல்லை. குனிந்து பார்க்கிறார் என்று புரிந்தது. காத்திருந்தேன்.

"இருக்கு மச்சான். அடுத்த மார்ச் வரைக்கும் தேதி இருக்கு."